இந்த ஓவர் முடியட்டும்

என் மாமியார் கிரிக்கெட் பார்ப்பார். நான் என் மாமியாரைப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் மேட்ச் நடந்ததெல்லாம் இப்படித்தான்.

டிவிக்கு எதிரே அத்தையின் பிளாஸ்டிக் நாற்காலி. டிவிக்குக் கீழே, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் நான். கீரை ஆய்வேன், பூண்டு உரிப்பேன், கண் மட்டும் அத்தை மேலேயே இருக்கும். எல்பிடபிள்யூ என்றால் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் ஸ்கோர் தெரியும். அத்தையின் கீழ் உதடு உள்ளே மடங்கினால் நம்மாள் ஒருவன் அவுட். புருவம் ஏறினால் பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. "சனியனே" என்று முணுமுணுத்தால் எவனோ கேட்சைக் கோட்டை விட்டுவிட்டான். ஆட்டம் ரொம்ப இறுகிப்போனால் அந்த முகத்தில் எதுவுமே இருக்காது. வலது கை மட்டும் மூடிக்கொண்டு மெதுவாக மேலே வந்து நெஞ்சு நடுவில் உட்காரும்.

அத்தைக்கு இதயத்தில் அடைப்பு இருந்தது. ஒரு குழாயில் ஸ்டென்ட் வைத்தாயிற்று, இன்னொன்றை மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். இது தெரிந்த நாளிலிருந்து மேட்ச் என்ற சொல்லைக் கேட்டாலே மாத்திரை டப்பா எங்கே என்றுதான் தேடுவேன். ஊரே எந்த டீம் ஜெயிக்கும் என்று பேசிக்கொண்டிருக்கும், நான் மட்டும் இந்த மனுஷி உயிரோடு எழுந்திருப்பாளா என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

எழுந்திருப்பதுதான் பிரச்சினையே. மேட்ச் நடக்கும்போது அத்தை எழுந்திருக்க மாட்டார். யாரையும் எழுந்திருக்க விடவும் மாட்டார்.

மாமா இருந்த காலத்தில் இவர்களுக்கு இங்கே விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு பீங்கான் யூனிட் இருந்தது. ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு, கொலுவுக்குச் சின்னச் சின்னப் பொம்மை. சூளைக்குள் சாமான் அடுக்குவது அத்தையின் வேலை. சூளையை அணைத்த பிறகு அது தானாக ஆறவேண்டும். அவசரப்பட்டு எவனாவது கதவைத் திறந்து உள்ளே குளிர்ந்த காற்று போனால் போதும், அடுக்கி வைத்ததெல்லாம் படபடவென்று விரிசல் விட்டுவிடும். அதனால் சூளை ஆறுகிற வரைக்கும் அந்தக் கொட்டகைப் பக்கம் யாரும் போகக்கூடாது, கதவில் கை வைக்கக்கூடாது. மாமா போனதும் யூனிட்டை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார்கள். சூளை கைவிட்டுப் போயிற்று. அதன் சட்டம் மட்டும் அத்தையோடு வீட்டுக்கு வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது.

"மேட்ச்சு ஆரம்பிச்சா சூள வெச்ச மாதிரிதாம்மா. வாசக் கதவத் தொறக்கக் கூடாது. குந்துன எடத்த வுட்டு எந்திரிக்கக் கூடாது" என்பார்.

நான் கல்யாணமாகி வந்த புதிது. நான் கம்மாபுரம் பக்கம், எங்கள் வீட்டில் பகலில் டிவி முன்னால் உட்கார்ந்தால் அப்பா ஏர் ஓட்டுகிற கோபத்தை எங்கள் மேல் ஓட்டுவார். இங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பமே ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தாகமாக இருக்கிறதே என்று நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். சொம்பில் கை வைக்கும்போதே கூடத்தில் "அய்யோ" என்று சத்தம். திரும்பி வந்து பார்த்தால் எல்லாத் தலையும் என் பக்கம். என் புருஷன் தலையும்தான்.

"எந்திரிச்சது யாரு?" என்றார் அத்தை.

"நான்தாங்க அத்தை. தண்ணி குடிக்கலாம்னு."

"தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாது. குந்தும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த மேட்ச் தோற்றதற்கு நான்தான் காரணம் என்று இந்த வீட்டில் ரொம்ப நாள் பேச்சு இருந்தது.

இன்னொரு நாள் எதிர்வீட்டு அக்கா உறைமோர் வாங்க வந்தார். அவர் சமையலறையில் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்ற நேரம் பார்த்து டிவியில் நம்மாட்கள் இரண்டு பேர் நிலைத்து நின்று அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை விடுவாரா? "நீ அங்கயே நில்லுடி. நகந்தியோ, அவ்வளவுதான்." அந்த அக்கா கெஞ்சினார், "அக்கா, அடுப்புல ஒல வெச்சிட்டு வந்துருக்கேன்." அத்தை காதிலேயே வாங்கவில்லை. சோறு குழைந்து அடிப்பிடித்துத் தெருவுக்கே வாசனை வந்த பிறகுதான் அந்தப் பாவப்பட்ட ஜன்மத்துக்கு விடுதலை கிடைத்தது. அன்றைக்கு ஜெயித்தோம். அத்தை தன் கையாலேயே கேசரி கிண்டி, நம் வீட்டுச் சோற்றையும் குழம்பையும் எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு வந்தார். அதுதான் அத்தை. நம்மை நிற்க வைத்து வதைப்பதும் அவர்தான், பசிக்குமே என்று ஓடி வருவதும் அவர்தான்.

சிரித்ததெல்லாம் அதுவரைக்கும்தான்.

ஏதோ வெளிநாட்டில் நடந்த மேட்ச். நமக்குக் காலையில் ஆரம்பித்து மத்தியானத்தில் முடிந்தது. தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, அத்தையின் ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்திருக்கிறது. வெயிலுக்கு வேர்க்கிறது என்று நினைத்தேன். அப்போது எனக்கு என்ன தெரியும்? ஜெயித்தார்கள். தெருவில் பையன்கள் சரவெடி வைத்தார்கள். இவர், என் புருஷன், கை தட்டிக்கொண்டிருந்தார். அத்தை மட்டும் தட்டவில்லை. மெதுவாக என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நெஞ்ச யாரோ மிதிக்கற மாதிரி இருக்குது."

"எப்பலேர்ந்துங்க அத்தை?"

"நம்மாளு அந்தச் செவத்தவன் எறங்கி ஆட வந்தான்ல, அப்பலேர்ந்து."

அவன் இறங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் இவரைப் பார்த்தேன். இவர் முகம் வெளுத்துப்போயிற்று. அவன் இறங்கின பிறகு நான் ஒரு குழம்பு வைத்து, துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டிருந்தேன்.

"சொல்லக் கூடாதாங்க அத்தை?"

"இந்த ஓவர் முடியட்டும்னு பாத்தேன். அப்பறம் அடுத்த ஓவர் வந்துடுச்சு."

அன்றைக்கு எனக்குள் புகுந்த பயம் பிறகு வெளியே போகவே இல்லை. வலியில் ஒரு மனுஷி செத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கையெட்டும் தூரத்தில் நாங்கள் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தோம். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் வந்து எல்லாவற்றையும் விசாரித்தார். சின்ன வயசு டாக்டர், பொறுமையான ஆள். மேட்ச் கதையைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நீங்க சும்மா குந்திக்கிட்டுதான் இருக்கீங்கன்னு நெனைக்கிறீங்க. பரபரப்பு ஏறுனா நீங்க குந்தியிருக்கறது உங்க இதயத்துக்குத் தெரியாது. நீங்களே மைதானத்துல எறங்கி ஓடற மாதிரி அது அடிச்சிக்கும், பிரஷர் ஏறும். நல்லா இருக்கறவங்க தாங்குவாங்க. அடைப்பு இருக்கற குழாய் தாங்காது."

"தோத்தாதான அப்படி சார்? ஜெயிச்சா நல்லதுதான?"

"ஜெயிச்சாலும் அதேதாம்மா. அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அத்தை யோசித்தார். எதையோ விட்டுக்கொடுக்கிற மாதிரி, "அப்பன்னா அஞ்சு நாள் மேட்ச்சு மட்டும் பாத்துக்கட்டுமா? அது கொஞ்சம் மெதுவாதான் போவும்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேபிளை வெட்டிவிட்டேன். இவர் தயங்கினார். "அம்மாவுக்கு வேற என்னா இருக்குது, பாவம்" என்றார். "உங்கம்மாவுக்கு உசுரு இருக்குது, அது போதும்" என்றேன். ஜங்ஷனில் டியூட்டி பார்க்கிறவர், இருப்புப்பாதையில் ஒரு திருகு தளர்ந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவார். அம்மா விஷயத்தில் மட்டும் கண்ணைக் கட்டிக்கொள்வார்.

கேபிள் போனால் மேட்ச் போய்விடுமா? தெரு இருக்கிறதே. எல்லா வீட்டிலும் ஓடுகிறது. டீக்கடையில் ஓடுகிறது. திடீரென்று தெருவே "ஓ" என்று கத்தும். எதற்குக் கத்துகிறார்கள்? நாலா, அவுட்டா, யாருக்கு அவுட்டு? அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கை தானாக நெஞ்சுக்குப் போகும். பிபி பார்க்கிற மெஷினை வாங்கி வைத்திருந்தேன். பட்டையைச் சுற்றிப் பார்த்தால் எண் எகிறிக் கிடக்கும். பார்த்தால் ஆபத்து என்று நிறுத்தினால், பார்க்காதது அதைவிட ஆபத்தாகிவிட்டது.

ஒரு நாள் சாமி ரூமில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறாரே, பழமலைநாதரிடம் அப்படி என்ன வேண்டுதல் என்று எட்டிப் பார்த்தேன். முந்தானைக்குள் போன். போனுக்குள் மேட்ச். போனில் வருவது கொஞ்சம் பின்னால்தான் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரு கத்தி முடித்துவிட்டது, அத்தையின் போனில் அந்தப் பந்தை இன்னும் போடவே இல்லை. ஏதோ நடந்துவிட்டது, என்ன என்று தெரியாது, கண் முன்னால் அவன் மெதுவாக ஓடி வந்துகொண்டிருக்கிறான். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். அந்த உதடுகள் நீலம் பாரித்திருந்தன. திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"ஏன் அத்தை இப்படிப் பண்றீங்க? எங்களுக்கு யாரு இருக்கறாங்க?"

அத்தை போனைக் கவிழ்த்து வைத்தார். "நீ பயப்படாதம்மா. எனக்குப் பயமே கெடையாது" என்றார். அதுதான் என் பயமே என்று அத்தையிடம் யார் சொல்வது?

மறுபடியும் டாக்டரிடம் போனோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒளிந்து பார்ப்பதைவிட எங்கள் கண் முன்னால் பார்ப்பது மேல் என்றார். மாத்திரையைத் தவற விடக்கூடாது. தனியாகப் பார்க்கக்கூடாது. நடுநடுவே எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும். நெஞ்சில் லேசாக இறுக்கம் என்றாலும் அந்த நொடியே சொல்ல வேண்டும், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்து நடப்பதற்கும் வாயைத் திறப்பதற்கும் அவர் ஆட்டிய தலை பொய்த்தலை என்று எனக்குத் தெரியும்.

அப்படித்தான் நான் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தேன். கேபிள் வேண்டாம் என்று இவர் நெட் வைத்த டிவி வாங்கினார். அதிலும் போன் மாதிரியே எல்லாம் பின்னால்தான் வரும். எங்கள் தெருவில் ஒரு ஆட்டோக்கார அண்ணன் இருக்கிறார். மேட்ச் நாளில் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்திக்கொள்ளும்படி அவரிடம் சொல்லி வைத்தேன். "பெரிம்மாவுக்காகவா? நான் போனுல மேட்ச் பாத்துக்கிட்டு இங்கயே கெடக்கறேன்" என்றார். பெரிம்மாவுக்கு இது தெரியாது.

அது ஒரு ஃபைனல். மத்தியானமே ஆரம்பித்துவிட்டது. ஊர் அடங்கிக் கிடந்தது. பஸ் சத்தம்கூடக் குறைச்சல். இவர் லீவு போட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாசல் கதவு சாத்தியாயிற்று. நம்மாட்கள் இரண்டாவதாக அடித்துக்கொண்டிருந்தார்கள், அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அத்தைக்கு நம்மாட்கள் பந்து போட்டால் கோபம் வரும், அடித்தால் பயம் வரும். எனக்குப் பயமே கெடையாது என்று அவர் சொன்னது சும்மா. அந்த முகத்தை என்னைவிட யார் பார்த்தது?

நேரம் போகப் போக உதடு மடங்குவது நின்றது. புருவம் ஏறுவதும் நின்றது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அவர் காலடியில் விழுந்திருந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை. கை மூடிக்கொண்டு மேலே வந்தது. நான் பூண்டை ஒதுக்கி வைத்துவிட்டு மாத்திரையை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டேன்.

"அத்தை, வலிக்குதா?"

நெஞ்சில் வைத்த கை இறங்கவில்லை.

"அத்தை, உங்களத்தான் கேக்கறேன். வலிக்குதா?"

கண் இமைக்காமல் என் தலைக்கு மேலே பார்த்தார். நெற்றியில் வியர்வை பொட்டுப்பொட்டாக நின்றது. இடது கை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. முகம் சுடாத களிமண் நிறத்துக்குப் போய்விட்டது.

"இந்த ஓவர் முடியட்டும்மா" என்றார். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"ஏங்க! உங்கம்மாவப் பாருங்க!"

இவர் பார்த்தார். பார்த்ததும் கண் அகலமாயிற்று, புரிந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. சின்ன வயசிலிருந்து அந்த உடம்புக்குப் பழக்கி வைத்திருந்தார்களே, அது எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. "கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு" என்று அவருக்கே அவர் சொல்லிக்கொண்டார். பெற்ற தாயின் உயிர் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, ஐயோ, இந்த மனுஷன் இடத்தை விட்டு அசையவில்லை. நானும் அசையவில்லை. அந்த வீட்டுக்கு வந்து எனக்கும் பழகிப்போயிருந்ததை அந்த நிமிஷம்தான் உணர்ந்தேன். நான் எழுந்து, அங்கே ஒரு விக்கெட் விழுந்து, அந்த அதிர்ச்சியில் அத்தை போய்விட்டால்?

எனக்கு எங்கிருந்து வந்ததோ ஒரு வெறி. "நாசமாப் போங்கடா நீங்களும் உங்க மேட்ச்சும்" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். அத்தையின் தாடையைப் பிடித்து மாத்திரையை நாக்குக்கு அடியில் திணித்தேன். ஓடிப்போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்து இரண்டு கதவையும் படீரென்று திறந்தேன். தெரு அப்போதுதான் "ஓ" என்று வெடித்தது. எதற்கு வெடித்தது என்று யார் பார்த்தது? "அண்ணே, வண்டிய எடுங்க!" என்று அலறினேன். அந்தச் சத்தத்தில்தான் இவர் எழுந்தார். எழுந்த பிறகு அம்மாவைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. சரக்கு வண்டி ஒன்று பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கிறது, முடிகிற வழியாக இல்லை. இவர் எத்தனையோ வண்டிகளுக்குப் பாதை பார்த்தவர், அன்றைக்கு அந்த வண்டியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார். அத்தையின் தலை என் மடியில். மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கை வைத்துக்கொண்டே இருந்தேன். "என்னா ஆச்சு?" என்றார் அத்தை, பல்லுக்குள்ளேயே. ஆட்டோக்கார அண்ணன் முகமெல்லாம் பூரிப்போடு திரும்பினார். "அண்ணே! வாயத் தொறந்தீங்க, கொன்னுடுவேன்" என்றேன். ஜெயித்தாலும் தோற்றாலும் இதயத்துக்கு ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு கேட்டைப் பார்க்கத் திரும்பினார்.

ஊர் ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து பாண்டிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். மறுநாள் ஐசியுவில் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். உடம்பெல்லாம் வயர். பக்கத்தில் ஒரு திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் நின்றதும் அத்தை கண்ணைத் திறந்தார்.

"கதவத் தொறந்தது யாரு?"

அடிப்பாவி மனுஷி, பேசின முதல் பேச்சு இது. திட்டினால் திருப்பித் திட்டத் தயாராகத்தான் நின்றேன். "நான்தான் அத்தை."

"எப்பத் தொறந்த?"

"கடேசி ஓவராம். இவரு சொன்னாரு."

"தோத்துட்டமா?"

நான் திரையைப் பார்த்தேன். பச்சைக் கோடு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. சொல்லலாமா கூடாதா என்று நர்சைப் பார்த்தேன், அந்தப் பெண்ணும் பயத்தோடு என்னைப் பார்த்தாள். சொல்லாவிட்டால் இந்த மனுஷி சும்மா இருக்கப் போவதில்லை.

"ஜெயிச்சிட்டோம் அத்தை."

கோடு கொஞ்சம் வேகமாகத் துள்ளியது. என் உயிர் அந்தக் கோட்டோடு சேர்ந்து துள்ளியது. அப்புறம் பழையபடி அடங்கிற்று. அத்தை கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"அப்பன்னா இனிமே கடேசி ஓவர்ல நீதான் கதவத் தொறக்கணும்" என்றார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நர்ஸ் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

சட்டம் மாறிவிட்டது. நானும் சும்மா விடவில்லை. "கதவு மட்டும் தொறந்தா போதாதுங்க அத்தை. அன்னைக்கு உங்களையும் எழுப்பி வாசலுக்குக் கொண்டாந்தோம்ல? நீங்களும் எந்திரிச்சி வாசலுக்கு வந்தாதான் பலிக்கும்" என்றேன். அத்தை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் எதற்குச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியாமலா இருக்கும்? ஆனாலும் மறுக்கவில்லை. அது அன்றைக்குப் பலித்துவிட்டதே.

அதற்குப் பிறகு கடைசி ஓவர் வந்தால் நான் போய்க் கதவைத் திறப்பேன். அத்தை எழுந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, டிவிக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நிற்பார். மணிமுத்தாற்றுப் பக்கமிருந்து காற்று வரும். வாழ்நாள் முழுக்கக் கடைசி ஓவருக்காக உயிரைக் கொடுத்த மனுஷி அதை மட்டும் பார்க்க மாட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். அவர் விரலுக்கும் என் தோலுக்கும் நடுவில் யாருடைய நாடி அப்படி அடிக்கிறது என்று தெரியாது. தோற்றால், "நீ கதவ சரியாத் தொறக்கல" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் என் மனுஷியை வாசலில் நிற்க வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அத்தை போனது மேட்ச்சே இல்லாத ஒரு நாளில். காலையில் டீ குடித்துவிட்டு, அதே நாற்காலியில், டிவி ஓடாத கூடத்தில், கண்ணை மூடியவர் திறக்கவில்லை. எந்தப் பக்கம் வரும் என்று நான் இத்தனை வருஷம் காவல் இருந்தேனோ, அந்தப் பக்கம் அது வரவே இல்லை. எனக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது.

நாற்காலியை எடுக்கவில்லை. இப்போது அதில் இவர் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறார். நான் பழக்கதோஷத்தில் டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன். ஆட்டோக்கார அண்ணனுக்கும் பழக்கம் விடவில்லை. மேட்ச் நாளில் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலிலேயே நிறுத்திக்கொண்டு போனைப் பார்க்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மடியில் பூண்டு. தெரு கத்தியது. எங்கள் டிவியில் அது இன்னும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். இவருடைய கீழ் உதடு உள்ளே மடங்கியது. அட, அம்மா மாதிரியே என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தேன். இப்போது முகத்தில் ஒன்றுமே இல்லை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது, சட்டைக் காலர் நனைந்திருக்கிறது. வலது கை மூடிக்கொண்டு, மெதுவாக மேலே ஏறி, நெஞ்சு நடுவில் போய் உட்கார்ந்தது.

"ஏங்க."

திரும்பவில்லை.

"ஏங்க, என்னா பண்ணுது உங்களுக்கு?"

கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"ஒண்ணுமில்ல. இந்த ஓவர் முடியட்டும்."

மடியிலிருந்த பூண்டு கூடமெல்லாம் சிதறியது. கடைசி ஓவருக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. நான் ஓடிப்போய் இரண்டு கதவையும் திறந்து, "அண்ணே, வண்டிய எடுங்க!" என்று கத்தினேன்.